அண்ணன் கேம் பெட்டியில் ஒரு ஓட்டை

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அம்மா ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே எங்கள் பழைய டிவி வீடியோ கேம். 90களில் மீடியா, சாமுராய் என்ற பெயர்களில் வந்ததே, அந்த ரகம். எங்களுடையது பிற்காலத்துப் பெயரில்லாத நகல். அடிப்பக்கம் காம்பஸ் முனையால் அண்ணன் கீறிய அவன் பெயர்.

கேசட்டைச் செருகினால் மாரியோ ஓடினான். ஆனால் பாட்டைவிட 'கொர்ர்ர்' இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, மெயின் கார்டு கேட்டில் இறங்கி, சிங்காரத்தோப்புப் பக்கம் இரண்டு கடைகளில் கேட்டேன். “தூக்கிப் போடுங்க தம்பி” என்றார்கள். மூன்றாவது கடை மெக்கானிக் அண்ணன் மட்டும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

“சத்தம் கெட்டுப்போகல தம்பி. அது வர்ற வழிதான் சரியில்ல.”

இந்த ரகத்தின் மூலவர், 1983-ல் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம். படத்தையும் சத்தத்தையும் கலந்து, ஒரு டிவி சேனல் மாதிரி ஆன்டெனா ஒயரில் அனுப்பும். டிவி அதைத் திரும்பப் பிரிக்கும்போது படத்தின் சிக்னல் சத்தத்துக்குள் கசியும். அந்தக் கசிவுதான் 'கொர்ர்ர்'.

வைத்தியம் எளிது. கலப்பதற்கு முன்பே சத்தத்தை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். ஒரு ஷீல்டு ஒயர், டிசி மின்சாரத்தைத் தடுத்துச் சத்தத்தை மட்டும் விடும் ஒரு கண்டன்சர், வெளியே ஒரு ஆடியோ சாக்கெட். அவ்வளவுதான். அசல் ஃபேமிகாமின் சிப்பில் சத்தம் இரண்டு கால்களில் பிரிந்து வரும், அதனால் ஸ்டீரியோ மாதிரிகூடச் செய்யலாம். எங்கள் நகலில் எல்லாம் ஒரே கறுப்புப் பிசின் பொட்டுக்குள் கலந்துவிட்டதால், மோனோதான்.

(வீட்டில் முயல்பவர்களுக்கு: அடாப்டரைக் கழற்றிவிட்டு கேம் பெட்டியைத் திறக்கலாம். பழைய டப்பா டிவியை மட்டும் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே ஆபத்தான வோல்டேஜ் தங்கியிருக்கும்.)

“சாக்கெட் வைக்க ஓட்டை போடணும். போடவா?”

கை நடுங்கியது. அது அப்பாவின் தீபாவளி போனஸில் வந்தது. பெயர் அண்ணனுடையது. அவன் இப்போது சிங்கப்பூரில். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“பேர் இருக்கிற பக்கம் வேணாம்டா. பின்னாடி போடச் சொல்லு.”

வீட்டுக்கு வந்து ஹோம் தியேட்டரில் இணைத்தேன். இரைச்சல் போயே போச்சு. இத்தனை வருஷம் டிவியின் சின்ன ஸ்பீக்கர் விழுங்கிய கீழ்க்குரல் தும் தும்மென்று வந்தது. காசு எடுக்கும்போது மெட்டில் ஒரு குரல் நொடி நேரம் நின்று, பிறகு திரும்பி வருகிறது! அந்தச் சிப்பில் மெட்டுக்கு இருப்பதே இரண்டு குரல்கள்தான். காசு சத்தத்துக்கு அதில் ஒன்று வழிவிட வேண்டும். இதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்தேன்.

“ஒண்ணும் கேக்கலடா, போன்ல” என்றான். பிறகு, “பொங்கலுக்கு வர்றேன். ரெண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்து வை.”

உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது? தூக்கிப் போடுவதற்கு முன்னால் மூன்றாவது கடைவரை போய்க் கேளுங்கள்.