டி டிரைவ் தானா திறந்தா குத்தமா?

செமஸ்டர் முடிஞ்சாச்சு, அதனால இன்னிக்கு ஒரு சண்டை :-)

போன வாரம் நண்பன் பதறிப்போய் போன் பண்ணான். "மச்சி, விண்டோஸ் பக்கத்துல லினக்ஸ் போட்டேன். ப்ராஜெக்ட் ஃபோல்டரே காணோம்டா!" பாரதியார் சாலை வழியா சைக்கிளை மிதிச்சு ஓடினேன். ஒன்னும் தொலையல. எல்லாம் டி டிரைவ்ல பத்திரமா இருக்கு. முந்தின நாள் க்ளிக் பண்ணித் திறந்திருக்கான். ரீஸ்டார்ட் ஆனதும் அது தானா மவுன்ட் ஆகல. ப்ரோகிராம் பழைய இடத்துல தேடிட்டு கையை விரிச்சிருச்சு. நான் விளக்கி முடிக்கறதுக்குள்ள பய விண்டோஸுக்கே திரும்பிட்டான்.

நம்ம லினக்ஸ் குருமார்கள் சொல்றது: "எஃப்எஸ்டேப் ஃபைல்ல ஒரு வரி எழுதத் தெரியாதவனுக்கு லினக்ஸ் எதுக்கு?"

சாமிகளா, அது வெறும் ஒரு வரியா? பார்ட்டிஷனோட நீளமான யூயூஐடி வேணும், மவுன்ட் ஆகற இடம் வேணும், ஃபைல் சிஸ்டம் பேர் வேணும். 'நோஃபெயில்'னு சேர்க்க மறந்தா, அந்த டிஸ்க் கிடைக்காத அன்னிக்கு பூட்டே பாதியில நின்னுரும். புதுசா வந்தவன் தலையில கட்டற வேலையா இது?

"என்டிஎஃப்எஸ் மைக்ரோசாஃப்ட் சொத்து, எழுதினா ஆபத்து"ங்கற சாக்கும் பழசு. 2007-லயே என்டிஎஃப்எஸ்-3ஜி நிலையான பதிப்பு வந்தாச்சு. 2021-ல 5.15 கெர்னலுக்குள்ளயே புது டிரைவர் சேர்ந்தாச்சு. மிச்சம் இருக்கறது விண்டோஸ் 8-ல ஆரம்பிச்ச 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. ஷட்டவுன் பண்ணினாலும் அது அரைத்தூக்கம்தான். அப்போ லினக்ஸ் எழுத விடாது. அதை ஆஃப் பண்ணணும்னு இன்ஸ்டாலரே சொல்லலாமே?

2011-ல நம்மைச் சுத்தியிருக்கற தமிழ்நாட்டுல மாணவர்களுக்கு இலவச லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சாங்க. அதுல விண்டோஸும் இருந்துச்சு, சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. ஒரே டிஸ்க்ல ரெண்டு சிஸ்டம்ங்கறது இங்க எங்கயோ நடக்கற அதிசயம் இல்ல, அதான் யதார்த்தம்.

முடியாத காரியமும் இல்ல. 2000-கள்லயே ஓப்பன்சுசே இன்ஸ்டால் பண்றப்பவே விண்டோஸ் டிரைவ்களைத் தானா சேர்த்துக்கிட்டுது. எல்லா இன்ஸ்டாலரும் ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும்: "இந்த டிரைவ் தினமும் தானா திறக்கணுமா?"

அதுவரைக்கும் குருமார்களே, ஜூனியரைத் திட்டறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியை நீங்களே எழுதிக் குடுங்க. ஒருத்தனாவது லினக்ஸ்ல தங்குவான்.