எல்லாரும் எழுதலாம், ஆதாரம் எங்கே?

முன்பு எழுதுபவர் சிலர், படிப்பவர் பலர். ஒரு கட்டுரை அச்சேறுமுன் ஆசிரியர் ஒருவர் அதைப் படித்துத் திருத்துவார். இன்றோ கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் எழுத்தாளர், படப்பிடிப்பாளர், வெளியீட்டாளர் ஆகிய மூவரின் வேலையையும் தாமே செய்துவிடுகிறார். தொழில்நுட்ப மாநாடுகளில் பேச்சாளர்கள் இதைப் பெரிதும் பாராட்டுகிறார்கள்.

பாராட்டுக்குக் காரணமும் உண்டு. 2010 ஜூன் மாதம் கோவையில் செம்மொழி மாநாட்டுடன் தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றது. அதையொட்டித் தமிழ் விக்கிப்பீடியாவுக்காகக் கல்லூரி மாணவர்களிடையே கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டது. 2003-இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தைச் சம்பளம் வாங்காத தன்னார்வலர்களே எழுதி வருகின்றனர். 2017-இல் அதன் கட்டுரைகள் ஒரு இலட்சத்தைத் தாண்டின.

ஆனால், இது பாதி உண்மைதான் என்பது என் கருத்து. மறுபாதியை நம் அண்டை மாவட்டத்தில் கண்டோம். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பம், வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று எண்ணிய கூட்டம் அவர்களைத் தாக்கியது. மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக அப்போது வாட்ஸ்அப்பில் பரவிய பொய்ச் செய்தியே இதற்கு வித்து. அதை அனுப்பியவர்களில் பலர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பியிருப்பார்கள்.

அதே ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு விதித்தது. இது போதுமா? கணக்கிட்டுப் பாருங்கள். ஒருவர் ஐவருக்கு அனுப்புகிறார். அந்த ஐவரும் ஆளுக்கு ஐந்து புதியவர்களுக்கு அனுப்புகிறார்கள். பத்தாவது சுற்றில் மட்டும் 97,65,625 பேரை அது அடைந்துவிடும்! கருவியில் பூட்டும் தடை போதாது. அனுப்புபவர் மனத்திலும் ஒரு தடை வேண்டும்.

விக்கிப்பீடியாவிலும் பிழை நுழைவதுண்டு. ஆனால் அங்கே எழுதியதற்கு ஆதாரம் கேட்கப்படும். முந்தைய வடிவங்கள் சேமிக்கப்பட்டிருக்கும். தவற்றைக் கண்ட எவரும் திருத்தலாம். கை மாறி வரும் வாட்ஸ்அப் செய்திக்கு இவற்றில் எதுவும் இல்லை.

பாலாற்றங்கரையிலுள்ள எங்கள் மேல்விஷாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே தோல் பதனிடும் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. குடிக்கும் நீரையும் இதே மண்தான் தர வேண்டும். "கிணறுகள் எல்லாம் விஷம்" என்று ஒரு செய்தி வரலாம். "நீர் தூய்மையாகிவிட்டது, அஞ்ச வேண்டாம்" என்று இன்னொன்றும் வரலாம். அளக்காமல் சொன்னால் இரண்டுமே தீங்கானவை. முன்னது பிழைப்பைக் கெடுக்கும். பின்னது உடலைக் கெடுக்கும்.

எந்தக் கிணறு? எந்த நாள்? சோதித்தவர் யார்? அளவு என்ன? இவையே அறிவியல் கேட்கும் கேள்விகள். குடிநீரில் கரைந்துள்ள திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. வேறு நீர் கிடைக்காவிட்டால் 2000 வரை ஏற்கலாம். இப்படி ஓர் எண்ணைச் சொன்னால் பிறர் அதைச் சரிபார்க்க முடியும். "விஷம்" என்ற சொல்லை எப்படிச் சரிபார்ப்பது?

எண்ணின் வலிமைக்கு நம் பகுதியே சான்று. தோல் ஆலைக் கழிவுகளை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதென்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையையும் அது நிலைநாட்டியது.

மாணவ நண்பர்களே, எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஊரைப் பற்றி, ஆற்றைப் பற்றி, தொழிலைப் பற்றித் தமிழில் நிறைய எழுதுங்கள். நீங்கள் கண்டது எது, கேட்டது எது, அளந்தது எது என்று பிரித்து எழுதுங்கள். முன்பு ஆசிரியர் ஒருவர் செய்த வேலை இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. விரல் பொத்தானை அழுத்துமுன் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.