கல்யாண உறைக்கு எந்தப் பச்சை மை?

மகளின் கல்யாணப் பத்திரிகை உறைகளில் முகவரியைத் தன் கைப்பட எழுத ஆசைப்படுகிறார் ஒரு வாசகி. அதற்காக ஃப்ளெக்ஸ் நிப் உள்ள மைப்பேனாவும் வாங்கிவிட்டார். "கறுப்பு மை கூடாது என்கிறார் மாமியார். பச்சையில் எது நல்லது?" என்று கேட்டிருக்கிறார்.

ஃப்ளெக்ஸ் நிப் என்பது வளைந்துகொடுக்கும் நிப். அழுத்தினால் அதன் இரு முனைகளும் விரிந்து கோடு தடிக்கும். அழுத்தாவிட்டால் மயிரிழைபோல மெலிதாக இருக்கும். ஆகவே ஒரே மை, ஒரே எழுத்துக்குள் இரண்டு பச்சையாகத் தெரியும். மை வாங்கும்போது தடித்த கோட்டைப் பார்த்து மயங்காதீர்கள். மெல்லிய கோடு படிக்கத் தெரிகிறதா என்பதுதான் முக்கியம். தபால்காரர் இரண்டையும் படிக்க வேண்டுமே!

பைலட் கம்பெனியின் இரோஷிசுகு வரிசையில் 'சிக்குரின்' என்றொரு மை உண்டு. மூங்கில் காடு என்று பொருள். தளிர்ப் பச்சை, பார்க்க அழகு. ஆனால் மெல்லிய கோட்டில் வெளிறிப்போகும். ரோரர் அண்ட் கிளிங்னரின் 'ஆல்ட் கோல்ட்குரூன்' தடித்த இடத்தில் ஆழ்ந்த பச்சை, மெலிந்த இடத்தில் மஞ்சள் கலந்த பச்சை. கடிதத்துக்கு அருமை, முகவரிக்கு வேண்டாம். அதே இரோஷிசுகுவின் 'ஷின்ரியோகு', டயமைனின் 'ஷெர்வுட் கிரீன்' இரண்டும் அடர்பச்சை. மெல்லிய கோட்டிலும் தெளிவாக நிற்கும். டயமைன் 30 மில்லி சிறிய பாட்டிலிலும் கிடைக்கிறது.

அடுத்தது, மை எப்படி இறங்குகிறது என்பது. விரிந்த நிப்புக்கு மை நிறைய வேண்டும். போதாவிட்டால் தடித்த கோட்டின் நடுப்பகுதி வெறுமையாகி, தண்டவாளம்போல இரண்டு கோடுகள் மட்டும் விழும். பெலிக்கன் 4001 போன்ற, சிக்கனமாக இறங்கும் மைகளில் இந்தத் தொல்லை அதிகம். தண்டவாளம் தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள், அழுத்தத்தையும் குறையுங்கள். மாறாக, மை தாராளமாக இறங்கினால் சொரசொரப்பான கைவினைத் தாளில் ஊறிப் பரவும். பளபளப்பான உறையில் நெடுநேரம் காயாது.

மூன்றாவது, தண்ணீர். மேலே சொன்னவை எல்லாம் சாயத்தால் ஆன மைகள். மழைத்துளி பட்டால் கரையும். எழுதிக் காய்ந்தபின் முகவரியின் மேல் வெள்ளை மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்தால் ஓரளவு காப்பாற்றலாம். மழைக்காலக் கல்யாணம் என்றால் டி ஆட்ராமென்டிஸின் 'டாக்குமென்ட் கிரீன்' போன்ற நிறமி மை நல்லது, காய்ந்துவிட்டால் கரையாது. ஆனால் பேனாவுக்குள்ளும் அப்படித்தான் காயும்! எழுதி முடித்ததும் பேனாவைத் தண்ணீரில் அலசிவிட வேண்டும். பிளாட்டினத்தின் 'ஃபாரஸ்ட் பிளாக்' மையும் தண்ணீரைத் தாங்கும். ஆனால் அதில் இரும்புச்சத்து இருப்பதால் காற்றுப்பட்டுக் கருத்துப்போகும். மாமியார் சம்மதிக்க மாட்டார்!

ஓவியக் கடையில் கிடைக்கும் இந்தியன் இங்க்கை மைப்பேனாவில் ஊற்றவே கூடாது. அதிலுள்ள அரக்கு உள்ளே இறுகி, பேனாவையே கெடுத்துவிடும்.

தமிழ் எழுத்துக்கு ஒரு குறிப்பு. கீழ்நோக்கி இழுக்கும் கோட்டில் மட்டும் அழுத்துங்கள். 'ப' எழுதும்போது இடப்பக்கக் கோட்டில் அழுத்தலாம். வலப்பக்கக் கோடு மேலேறும்போது கூடாது. அழுத்தினால் நிப் தாளைக் கீறி மை தெறிக்கும். பின்கோடு எண்களை அழுத்தாமல், ஒரே சீராக எழுதுங்கள்.

எந்த மையானாலும் முதலில் ஒரு உறையில் சோதியுங்கள். உங்கள் முகவரியையே எழுதி ஒருநாள் விட்டுவிடுங்கள். மறுநாள் விரலால் தேய்த்துப் பாருங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டும் பாருங்கள். பிறகு வீட்டில் மூக்குக்கண்ணாடி போடும் பெரியவரிடம் கொடுத்து, கையெட்டும் தூரத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் படித்தால் அந்த மையே போதும்.

உறையின் மூலையில் மஞ்சள் தடவுவதாக இருந்தால் முதலில் அதைத் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு எழுதத் தொடங்குங்கள். ஈர மஞ்சள் பட்டால் பச்சை மை கலங்கிவிடும்.