கைத்தொழிலும் கல்விதான்

தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளியில் சேர்ந்தபோது, பாரத்தில் 'தச்சர்' என்று அப்பாவின் தொழிலை எழுதக் கூசியவன் நான். இன்று பொறியியல் மாணவன்.

கடந்த விடுமுறையில், வீட்டின் கார் நிறுத்துமிடச் சுவரில் வேலைமேசை ஒன்றைப் பொருத்தினேன். கணக்கெல்லாம் சரி, ஆனால், கனமான வைஸை ஏற்றியதும் மேசை பெயர்ந்து விழுந்தது. என் திருகாணிகள் சிமெண்டுப் பூச்சை மட்டுமே பிடித்திருந்தன!

அப்பா செங்கல்லுக்குள் ஆழமாகத் துளையிட்டு, வால்பிளக் செருகி, நீண்ட திருகாணிகளால் மரச்சட்டத்தை இறுக்கினார். முன்விளிம்பில் பளு ஏறினால் மேல் திருகாணிகள் வெளியே இழுபடும் என்று, கீழே சாய்வுக்கட்டைகளும் கொடுத்தார். நான் தேர்வில் எழுதிய விசைப்பாடம் அது. இப்போது ஏறி நின்றாலும் மேசை அசையவில்லை.

'படிக்காவிட்டால் கைவேலைக்குத்தான் போவாய்' என்று பிள்ளைகளை மிரட்டுகிறோமே, அது நியாயமா? நண்பர்களே, முதலில் நம் வீட்டிலேயே அந்தப் பேச்சை நிறுத்துவோம்.