ஊர் திரும்புவோர் கொண்டுவர வேண்டியது

மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்திலோ கெய்ரோவின் அல் அஸ்ஹரிலோ பயிலும் பிள்ளை ஊர் திரும்பும் நாள் நெருங்கினால், ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உள்ள நம் வீடுகளில் பேச்செல்லாம் பெட்டியைப் பற்றியே. பேரீச்சம்பழம் யாருக்கு, அத்தர் யாருக்கு என்று பட்டியல் நீள்கிறது. அங்கே மாணவரோ எந்தக் கிதாபை விட்டுவருவது என்று திகைக்கிறார்.

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் தோழர்களும் இளைஞர்களாக நபி (ஸல்) அவர்களிடம் 20 இரவுகள் தங்கினார்கள். வீட்டு நினைவு அவர்களை வாட்டுவதை அண்ணலார் தாமே உணர்ந்தார்கள். குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று கற்பிக்குமாறும், தொழுகை நேரத்தில் ஒருவர் பாங்கு சொல்ல, மூத்தவர் இமாமத் செய்யுமாறும் பணித்தார்கள். புகாரீயில் பதிவான இச்செய்தியில் மாலிக் (ரலி) அவர்கள், நபியவர்களின் இரக்கத்தையும் மென்மையையும் மறவாமல் குறிப்பிடுகிறார்கள்.

இன்றோ, வந்த முதல் ஜும்ஆவிலேயே கை கட்டும் இடம் குறித்து மஹல்லாப் பெரியவரிடம் வாதிடும் இளம் ஆலிம்களைக் காண்கிறோம். ஹனஃபீ, ஷாஃபிஈ இமாம்களே வேறுபட்ட மஸ்அலா அது. பல்லாண்டுக் கல்வியின் முதற்பயன், ஒரு முதியவர் பள்ளிவாசலுக்கு வரத் தயங்குவதாக அமையலாமா? முதல் மாதம் சிறுவர்களுக்கு மக்தபில் ஓதிக் கொடுங்கள். ஊர் தானாகச் செவிசாய்க்கும்.

பெற்றோரும் சம்பளத்தை விசாரிக்குமுன், "கற்றதை எங்களுக்கும் சொல்" என்று கேட்கட்டும். கல்வியோடு கனிவையும் சுமந்து திரும்பும் பிள்ளைகளை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.