நாட்டு மாடும் உண்ணிக் காய்ச்சலும்: ஒரு மறுப்பு

உண்ணிக் காய்ச்சலைப் பற்றி நம்மிடையே வேரூன்றிவிட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. ஜெர்சியும் பிரீஷியனும் இந்த மண்ணில் கால் வைத்த பிறகே இவ்வியாதி வந்ததென்றும், நாட்டு மாட்டின் இரத்தத்தில் அதற்கு இடமே இல்லையென்றும், ஆகவே கலப்பினத்தை ஒதுக்கிவிட்டுக் காங்கேயத்துக்கும் உம்பளச்சேரிக்கும் திரும்பினால் வியாதி தானே ஒழிந்துவிடுமென்றும் படித்தவர்களே மேடையேறிச் சொல்லக் கேட்கிறோம். நாட்டு மாடுகளின்மீது அவர்களுக்குள்ள அபிமானம் எனக்கும் உண்டு; ஆனால் அந்த அபிமானத்தின் பேரால், கறவை மாட்டை நம்பிச் சீவிக்கும் ஏழைக் குடும்பங்களுக்குத் தவறான போதனை செய்யப்படுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வியாதி சீமையிலிருந்து வந்ததென்பதை முதலில் பார்ப்போம். நம் கலப்பின மாடுகளை அதிகமாகக் கொல்லும் தைலேரியா என்னும் நுண்ணுயிர், வட ஆப்பிரிக்கா தொடங்கி மேற்கு ஆசியா வழியாக இந்தியாவரை பரவிக் கிடக்கும் உஷ்ண பூமிகளுக்கு உரியது. ஜெர்சித் தீவிலும் ஹாலந்தின் புல்வெளிகளிலும் அது கிடையாது. இல்லாத நாட்டிலிருந்து வந்த மாடு இல்லாத வியாதியை எப்படிச் சுமந்து வந்திருக்க முடியும்? வியாதி இங்கேயே இருந்தது. அதைக் கண்டறியாத சரீரத்தோடு அந்த மாடுதான் அதன் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது.

நாட்டு மாட்டுக்கு இது வராது என்னும் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. திமிலுள்ள இனங்களுக்கு இந்நோயைத் தாங்கும் சக்தி இயல்பிலேயே ஓரளவு அதிகம். உண்ணியும் அவற்றின்மீது குறைவாகவே ஏறும். ஆனால் தாங்குவது வேறு, தொற்றாமலிருப்பது வேறு. உண்ணி மிகுந்த ஊரில் பிறந்த நாட்டுக் கன்று இளமையிலேயே கடிபட்டு, லேசாகக் காய்ந்து தேறி, பின்னர் அந்தக் கிருமியைச் சிறிதளவு இரத்தத்தில் வைத்துக்கொண்டே திடமாக வளர்கிறது. இரத்தப் பரிசோதனை செய்யாமல் அதைப் பார்த்து ஆரோக்கியமான மாடென்று எவரும் சொல்லுவார்கள்.

ஆரோக்கியமாகத் தோன்றும் மாடு வியாதியைக் கொடுக்காது என்று நம்புகிறவர்கள், இன்னொரு வகை உண்ணிக் காய்ச்சலால் அமெரிக்காவில் நடந்ததைக் கேட்க வேண்டும். சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில், டெக்ஸாஸ் பிரதேசத்து மந்தைகளை வடக்கே ஓட்டிச் சென்றபோது, அவை நடந்த வழியெல்லாம் வடநாட்டு மாடுகள் கடுங்காய்ச்சல் கண்டு, செந்நீர் பெய்து மாண்டன. மந்தைக்காரர்களோ, கொழுகொழுவென்றிருக்கும் எங்கள் மாடுகளா நோய் தந்தன என்று கேட்டார்கள். தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 1889-இல் தொடங்கி வேலியிட்ட வயல்களில் இதைச் சோதித்தார்கள். உண்ணியோடு கூடிய தென்னாட்டு மாடுகளுடன் கட்டிய வடநாட்டு மாடுகள் நோயுற்றன. உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கிக் களைந்த தென்னாட்டு மாடுகளுடன் கட்டியவை சுகமாக இருந்தன. தென்னாட்டு மாடே இல்லாமல் உண்ணிகளை மாத்திரம் தூவிவிட்ட வயலில் விட்டவற்றுக்கும் காய்ச்சல் வந்தது. பபீசியா என்ற கிருமியைச் சுமக்கும் உண்ணியே காரணமென்று 1893-இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை, செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவினுள் மலேரியாக் கிருமியைக் கண்டதற்கு நான்காண்டு முந்தியது. அந்த டெக்ஸாஸ் மாடுகள் திமிலில்லாத ஐரோப்பிய வம்சத்தவை என்பதை நம்மவர்கள் மறந்துவிடலாகாது. கன்றுப் பருவத்தில் கடிபட்டதே அவற்றைக் காத்தது; நாட்டு இரத்தம் என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. அமெரிக்க அரசினரும் இதற்காக மாட்டினத்தை மாற்றப் புறப்படவில்லை. 1906 முதல் மாடுகளை மருந்து நீரில் முக்கியெடுத்து உண்ணியை ஒழிக்க முயன்று, 1943-க்குள் மெக்ஸிகோ எல்லையோரம் தவிர நாடெங்கும் அதில் வெற்றி கண்டார்கள்.

எந்த உண்ணிக் காய்ச்சலானாலும் ஓர் ஊசி போதுமென்பது இதே அறியாமையின் கிளை. தைலேரியாவில் தோளுக்கு முன்னால் நெறி கட்டும்; பால் சட்டென்று வற்றும்; கண்ணிமையைப் பிதுக்கிப் பார்த்தால் உள்தோல் வெளிறியிருக்கும். பபீசியாவில் மூத்திரம் காப்பி நிறத்தில் இறங்கும். அனாபிளாஸ்மாவில் சோகையும் மஞ்சளும் உண்டு, மூத்திரம் சிவப்பதில்லை. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. பூபார்வகோன் என்னும் மருந்து கேட்கும் தைலேரியாவுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளினைப் போட்டு மூன்று நாளைக் கழித்தால் மாடு கைவிட்டுப் போகும். காது நுனியில் ஒரு சொட்டு இரத்தமெடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி டாக்டர் பார்ப்பதற்கு அதிகச் செலவில்லை.

உண்ணியை மாட்டின்மேல் மாத்திரம் தேடுவதும் பிழை. காதுக்குள், வாலடியில், மடி மடிப்பில் ஆமணக்கு விதைபோல் உப்பிக் கிடக்கும் பெண் உண்ணியைப் பிடுங்கித் தொழுவத்து ஓரத்தில் எறிகிறோம்; அது சுவரிடுக்கில் ஊர்ந்து சென்று ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. தைலேரியாவைப் பரப்பும் ஹையலோமா உண்ணியோ, இளம் பருவத்தில் ஒரு மாட்டிடம் இரத்தம் குடித்துக் கிருமியை வாங்கி, வெடிப்புக்குள் தோலுரித்துக் காத்திருந்து, வளர்ந்தபின் அடுத்த மாட்டைக் கடித்து அதைச் செலுத்துகிறது. மாட்டுக்கு எத்தனை மருந்து தெளித்தாலும் சுவர் வெடித்தே இருந்தால் பயன் பாதிதான்.

நாட்டு மாடு வளர்ப்பவர்கள் தாராளமாக வளர்க்கட்டும். அதன் வேறு குணங்களே அதற்குப் போதிய நியாயம். ஆனால் ஒரே கொட்டகையில் நாட்டு மாட்டையும் கலப்பினத்தையும் கட்டியிருப்பவர்கள், இரண்டுக்கும் ஒரே நாளில் உண்ணி மருந்து தெளியுங்கள். சந்தையில் பிடித்து வந்த மாடு எந்த இனமானாலும் சில வாரம் தனியே கட்டுங்கள். இந்தக் கோடை பிறப்பதற்குள் கொட்டகைச் சுவரின் வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். கலப்பினக் கன்றுகளுக்குத் தைலேரியாத் தடுப்பூசி கிடைக்குமா என்று உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.