ஆன்டெனாவை எங்கே வெச்சீங்க?

அப்பாகிட்ட ஆறு மாசம் கெஞ்சி, ஒருவழியா புது டெஸ்க்டாப் வாங்கியாச்சு. பார்ட்ஸ் எல்லாம் நீங்களே பார்த்துப் பார்த்துச் சொல்லி, கடைக்காரர் அசெம்பிள் செய்து கொடுத்தது. பக்கவாட்டுல கண்ணாடி, உள்ளே கலர் கலரா லைட். எல்லாம் ஓகே. ஆனா, வைஃபை மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை காணாமப் போகுது! சனிக்கிழமை காலையில கம்பெனி ஆன்லைன் டெஸ்ட். நடுவுல நெட் போனா மறுபடி உள்ளே விடுவாங்களான்னு தெரியாது. 'இவ்வளவு காசு கொட்டினது இதுக்கா?'ன்னு வீட்டுல ஒரு பார்வை வேற.

உடனே ஸ்பீடு பத்தலைன்னு நெட் பிளானை மாத்திடாதீங்க பாஸ். முதல்ல ஒரு சின்ன சோதனை. உங்க மொபைலை சி.பி.யு. பக்கத்துலயே வைங்க. மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணுங்க (ரொம்ப முக்கியம், இல்லேன்னா மொபைல் உங்களை ஏமாத்திடும்). அதே வைஃபையில அரை மணி நேரம் வீடியோ கால் ஓடட்டும். அதுவும் திணறினா, கோளாறு ரவுட்டர்லயோ லைன்லயோ இருக்கு. மொபைல் ஜம்முனு ஓடி டெஸ்க்டாப் மட்டும் தத்தளிச்சா... குற்றவாளி மேஜைக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கார்.

இப்போ சி.பி.யு.வோட முதுகைப் பாருங்க. தங்கக் கலர்ல ரெண்டு சின்ன திருகு முனை மொட்டையா நீட்டிக்கிட்டு இருக்கா? அதுல மாட்ட வேண்டிய ஆன்டெனா, மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியில தூங்கிக்கிட்டு இருக்கும். லேப்டாப்ல ஆன்டெனா உள்ளேயே இருக்கறதால, நமக்கு அப்படி ஒண்ணு இருக்கிற ஞாபகமே வர்றதில்லை. இங்கேதான் வில்லங்கம். ஆன்டெனா இல்லாமலும் ரவுட்டர் கிட்டத்துல இருந்தா வைஃபை தட்டுத்தடுமாறி கனெக்ட் ஆகும். சுத்தமா வரலைன்னா முதல் நாளே கண்டுபிடிச்சிருப்போம். அரைகுறையா வர்றதாலதான் விண்டோஸ் மேல சந்தேகப்படறோம். என் பழைய ரூம்மேட் ரெண்டு தடவை ஃபார்மட் பண்ணினான். அட்டைப்பெட்டி பரண்ல இருந்தது!

ரெண்டையும் திருகி மாட்டி, சுவத்துக்கும் இரும்புப் பெட்டிக்கும் நடுவுல நசுங்காம நிமிர்த்தி வைங்க. ஒயரோட வர்ற ஆன்டெனான்னா மேஜை மேலேயே வெச்சிடலாம்.

யு.எஸ்.பி. வைஃபை குச்சி வெச்சிருக்கறவங்களுக்கு வேற வியாதி. யு.எஸ்.பி. 3.0-ல டேட்டா ஓடும்போது எழுற இரைச்சல், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும்னு இன்டெல் கம்பெனியே 2012-ல எழுதி வெச்சிருக்கு. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல சினிமா காப்பி பண்றப்போ மட்டும் நெட் படுத்தா, இதுதான். ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு குச்சியைத் தள்ளி வைங்க. இல்லேன்னா 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிடுங்க. ஆனா அது சுவத்தைத் தாண்டறதுக்கு ரொம்ப சிரமப்படும், நடுவுல ரெண்டு சுவர் இருந்தா நம்பாதீங்க.

சும்மா விட்டு வெச்சா மட்டும் கட் ஆகுதா? டிவைஸ் மேனேஜர்ல வைஃபை அடாப்டரோட பிராப்பர்ட்டீஸுக்குப் போய், பவர் மேனேஜ்மென்ட்ல மின்சாரம் மிச்சம் பிடிக்க அதை அணைக்கிற டிக்கை எடுத்துடுங்க. டிரைவரை மதர்போர்டு கம்பெனியோட சைட்லேருந்தே இறக்குங்க. இவ்வளவுக்கும் மசியலைன்னா, கார்டே கோளாறா இருக்கலாம். பில்லை எடுத்துக்கிட்டு இன்னிக்கே கடைக்குப் போங்க; மாத்திக் கொடுக்கிற கெடு சில இடங்கள்ல சில நாள்தான்.

சனிக்கிழமைக்கு மட்டும் வைஃபையை நம்பவே வேணாம். ரவுட்டர்லேருந்து ஒரு லேன் கேபிள் இழுத்துடுங்க, 100 மீட்டர் வரைக்கும் தாங்கும். ஹால் நடுவுல ஒயர் போனா அம்மா திட்டுவாங்களா? ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் ஒயர்ல சி.பி.யு.வோட இணைச்சு, யு.எஸ்.பி. டெதரிங் ஆன் பண்ணுங்க. மொபைல் டேட்டா மட்டுமில்ல, பெரும்பாலான போன்கள் வீட்டு வைஃபையையும் வாங்கி அப்படியே டெஸ்க்டாப்புக்குக் கொடுக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரியே ஒருதடவை ஓட்டிப் பார்த்துடுங்க.